அமெரிக்கக் கப்பல் படங்களைப் பார்க்கப் போய் அஜ்மானில் மாட்டிக்கொண்டோம்

இந்த ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை ஓமானின் சோஹாரிலிருந்து ஷார்ஜாவுக்குக் காரில் போய்வந்தோம். எதற்காக என்று யாராவது கேட்டால் இன்னமும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கத்தான் போனோம். அந்த நாட்டுக் கிராமங்கள், வறண்ட வயல்கள், பிறகு யுத்த காலத்தில் அவர்கள் கப்பல் கட்டிய பட்டறைகள். ஷார்ஜாவில் ஒரு கூடத்தில் மூன்று வாரம் கண்காட்சி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

என் கணவர் நசீரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கீழக்கரையில் எங்கள் வீடுகளில் அப்படித்தான். இந்தப் பதிவிலும் அப்படியே இருக்கட்டும். மச்சானுக்கு சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. மற்ற நேரமெல்லாம் கேமரா. கல்யாணம், பிறந்தநாள் என்று எடுத்தாலாவது நாலு பேர் வாழ்த்துவார்கள். இவர் எடுப்பது ஈரம் காயும் சுவர், லாரி டிரைவரின் கை, பூட்டிய கடையின் ஷட்டர். "இதுக்குப் பேரு ஆவணப் படம், பாத்திமா" என்பார். நான் இந்தியப் பள்ளியில் கேஜி வகுப்பு டீச்சர். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரைச் சமாளித்துவிட்டு வந்து இதையும் கேட்க வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எல்லைச் சாவடி எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. சாலை நேராக, காலியாக இருந்தது. ஏழு மணிக்கு எல்லையைத் தாண்டி, எட்டரைக்கு ஷார்ஜாவில் இட்லி சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஈ-விசா இரண்டும் அச்செடுத்து ஃபைலில் இருந்தன. அது என் பொறுப்பு. கார் இன்சூரன்ஸ் மச்சானுடைய பொறுப்பு. ஓமான் வண்டி எமிரேட்ஸுக்குள் போக ஆரஞ்சு கார்டு என்று ஒன்று வேண்டும். அது பத்திரமாக டாஷ்போர்டில் இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். இருந்தது உண்மைதான். டிசம்பரோடு காலாவதி ஆகிப்போய் இருந்தது.

கவுன்ட்டரில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இன்சூரன்ஸ் மாஃபி", அதாவது இல்லை, என்று தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்த பெட்டிக்கடை மாதிரி ஒரு அறையில் புதிதாக எடுக்கச் சொன்னார்கள். அங்கே ஆள் இல்லை. சாயா குடிக்கப் போனவர் வந்தார். அவர் வந்ததும் கம்ப்யூட்டர் போய்விட்டது. சோஹாரில் ஆற அமர எடுத்திருக்க வேண்டியதை, கூடுதல் காசு கொடுத்து, ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்று எடுத்தோம். அந்த நேரத்தில் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? எல்லையில் கேமராவை வெளியே எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்த பார்வையில் பையை மூடிவிட்டார்.

எல்லையைத் தாண்டியதும் வரும் கல்பாவிலிருந்து ஷார்ஜாவுக்கு மலையைக் குடைந்து போட்ட சாலை அருமையானது. சுரங்கப் பாதைகள், இரண்டு பக்கமும் சாம்பல் நிற மலைகள். நூறு கிலோமீட்டர் சொச்சம். ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம், கூட வருபவர் ஆடு பார்த்து வண்டியை ஓரங்கட்டாதவராக இருந்தால்.

"மச்சான், ஆடு ஓமான்லயும் இருக்கு."

"வெளிச்சம் இல்லையே, பாத்திமா."

"சூரியனும் அங்க இருக்கு."

இப்படியாக ஷார்ஜாவின் பழைய நகரப் பகுதியில் அந்தக் கூடத்தின் வாசலில் போய் நிற்கும்போது மணி பதினொன்று பத்து. கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்போம் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

"நேரம் செக் பண்ணீங்களா இல்லையா?"

"பண்ணேன். மத்த நாளு நேரத்த பண்ணிட்டேன் போல."

நடுரோட்டில் சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் சாப்பிடப் போனோம். ரோலா பக்கம் ஒரு சந்துக்குள் தமிழ் மெஸ் இருக்கிறது. மீன் சாப்பாடு பதினாறு திர்ஹம். குழம்பு திருநெல்வேலிப் பக்குவம், தேங்காய் தாராளம். ஜும்ஆ தொழுகைக்கு மச்சான் போய்வர, நான் ஹோட்டல் அறையில் படுத்தேன். இரண்டு பேர் தங்க அறை வாடகை நூற்றைம்பது திர்ஹம். சுத்தம் பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் மட்டும்தான் தெரியும்.

நான்கு மணிக்குத் திரும்பப் போனோம். கட்டணம் ஆளுக்குப் பத்து திர்ஹம். உள்ளே ஏசி எலும்பு வரை இறங்கியது. போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூடம் முழுக்கக் கிராமம். அந்த நாளில் அமெரிக்க அரசாங்கமே போட்டோகிராபர்களுக்குச் சம்பளம் கொடுத்து, நொடித்துப்போன விவசாயிகளைப் படமெடுத்து வரச் சொல்லி ஊர் ஊராக அனுப்பியதாம். நாட்டுக்கு அவர்கள் கஷ்டம் தெரிய வேண்டும் என்பதற்காக. பத்து நிமிடத்தில் எனக்குச் சலித்துவிடும் என்றுதான் நினைத்தேன். சலிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மணல் மூடிய வயலில் பாதி புதைந்து கிடக்கும் கலப்பை. மெத்தை, சட்டி, நாற்காலி எல்லாவற்றையும் கூரையில் கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பும் ஒரு கார். மாவுச் சாக்கில் தைத்த கவுன் போட்ட ஒரு சிறுமி. சாக்கில் அச்சடித்திருந்த எழுத்து முழுக்கப் போகவில்லை.

ஒரு படத்தில் ஒரு பெண் பலகை வீட்டு வாசலில் நிற்கிறாள். ஒரு கையால் பாதி முகத்தை மறைத்திருக்கிறாள். வெயிலுக்கு மறைத்தாள் என்று மச்சான் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மறைத்த கை மாதிரி இருந்தது. படத்தின் கீழே அவள் பெயர்கூட இல்லை. குத்தகை விவசாயியின் மனைவி என்று மட்டும் போட்டிருந்தது.

இன்னொரு படத்தில் வானத்தின் நடுவே தட்டு மாதிரி ஒரு கறுப்பு வட்டம். சூரிய கிரகணமோ என்று பார்த்தால், போட்டோகிராபர்களை அனுப்பிய அரசாங்கப் பிரிவின் மேலதிகாரி தனக்குப் பிடிக்காத படச்சுருளில் ஓட்டை போட்டுவிடுவாராம், யாரும் மறுபடி அச்சடிக்கக் கூடாது என்று. மச்சான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மேலதிகாரியை மிகவும் பிடித்துப்போனது. எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படி ஒரு ஆள் தேவை.

கப்பல் படங்கள் இரண்டாவது கூடத்தில். மச்சான் வந்ததே அதற்காகத்தான். அங்கே ஒரு கயிறு கட்டி, முன்னால் ஒரு மலையாளி இளைஞர் நின்றுகொண்டிருந்தார். "சேட்டா, அவிடே லைட்டிங் ஜோலி நடக்குன்னு. ஏழு மணிக்கு வாங்க."

"நாங்க ஓமான்லேர்ந்து வர்றோம்" என்று மச்சான் கெஞ்சினார்.

"ஏழு மணிக்கு" என்று அவர் அதே சிரிப்போடு சொன்னார்.

மறுபடி வெளியே போய், மறுபடி சாயா குடித்து, மறுபடி வந்தோம். எட்டு மணிக்குக் கூடத்தை மூடுவார்கள். ஆக, இருநூறு கிலோமீட்டர் வந்து ஒரு மணி நேரம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முதல் கூடத்தில் வயலை விட்டுக் கிளம்பினார்களே, அந்த மாதிரி ஜனங்கள்தான் இரண்டாவது கூடத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் வந்ததும் துறைமுக ஊர்களில் ஆள் போதவில்லை. பெண்களும் வெல்டிங் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்னும் ஒருத்தி. ஷிப்ட் முடிந்து தகர டப்பாவோடு வெளியே வரும் கூட்டம். ஒரே கட்டிலில் பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போக, நைட் ஷிப்ட் ஆள் வந்து படுக்கும் கேம்ப் அறை. அந்தக் கட்டில் படத்துக்கு முன்னால் நானே நின்றுவிட்டேன். என் வாப்பா சவூதி தம்மாமில் அப்படி ஒரு கட்டிலில்தான் ஆறு வருடம் தூங்கினார்.

காரில் ஏறியதும் மச்சான் ஆரம்பித்தார். "நம்மாளுங்களயும் இப்படி யாராவது எடுக்கணும், பாத்திமா. இங்க எத்தன யார்டு இருக்கு, ஒரு படம் பாத்திருக்கியா?" அந்தக் குரல் எனக்குத் தெரியும். மறுநாள் காலை உணவுக்குப் பிறகு நேரே ஊர் திரும்புவது என்ற திட்டத்துக்கு அத்தோடு கலாஸ்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அஜ்மான் பக்கம் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டின் எதிரே இருந்தோம். பெயர் வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. கேட்டுக்கு எதிரே ஒரு சின்ன கஃப்டேரியா. கரக் சாயா ஒன்றரை திர்ஹம். வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் ஏற்றி நிறுத்திய ஒரு கப்பல், பாதி துரு, பாதி புதுச் சிவப்புப் பெயின்ட்.

"மச்சான், வெளியில நின்னு பாக்கலாம். கேமரா வேணாம்."

"வேலிக்கு வெளிய பப்ளிக் ரோடுதானே."

அந்த நேரத்தில்தான் சேவியர் அண்ணன் வந்தார். டீ பிரேக்கில் சாயா வாங்க வந்தவர். ஐம்பது வயது இருக்கும். போட்டிருந்த கவரால் உடுப்பு முழுக்கச் சின்னச் சின்னத் தீப்பொறி ஓட்டைகள். கழுத்தில் வியர்வைத் துண்டு. கையில் வெல்டிங் ஹெல்மெட்.

"தம்பி தமிழா? எந்த ஊரு?"

"கீழக்கரைண்ணே."

"அப்ப நமக்கு ஒரே கடக்கரைதாம். எனக்குத் திருச்செந்தூருக்குத் தெக்க." கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "கப்பலயா எடுக்கிய?"

"உங்கள எடுக்கட்டுமா?" என்று மச்சான் கேட்டார். கேட்டபடியே அவரை நிற்க வைத்துவிட்டார். ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி, பின்னால் அந்தச் சிவப்புக் கப்பல் தெரிய. "சிரிக்காதீங்கண்ணே. சும்மா என்னயப் பாருங்க." நான்கைந்து தடவை க்ளிக் சத்தம் கேட்டது. ஒன்றை எனக்குக் காட்டினார். நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: முந்தின நாள் சுவரில் பார்த்தவற்றுக்குக் குறைந்த படம் இல்லை அது.

அதை இப்போது யாரும் பார்க்க முடியாது. கேட்டிலிருந்து நேபாளி செக்யூரிட்டி ஓடி வந்தார். "பாய்! போட்டோ பந்த்! கேமரா தோ!" அவர் ஏற்கெனவே போன் பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறார். சேவியர் அண்ணனின் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவரை உள்ளே போகச் சொன்னார். அண்ணன் சாயாவைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. இறங்கியவர் இளைஞர், மரியாதையானவர். எங்கள் ஓமான் ரெசிடன்ட் கார்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்காகப் படம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மச்சான் பதற்றத்தில் முந்தின நாள் வாங்கிய கண்காட்சி நோட்டீஸை நீட்டி, "அமெரிக்கா, கப்பல், யுத்தம், போட்டோ" என்று ஆரம்பித்தார். துறைமுக வேலிக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு போலீஸ்காரரிடம் இந்த நான்கு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய மனிதரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விசா, வேலை, வாடகை வீடு எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் ஓடின. "சார், நான் டீச்சர். இவருக்குப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. தெரியாமல் செய்துவிட்டார்" என்று நான் குறுக்கே புகுந்தேன். அவர் நோட்டீஸையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேமராவில் இருந்த எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்தார். ஈரச் சுவர், ஆடு, ஆடு, ஆடு. அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மெமரி கார்டை முழுக்க அழிக்கச் சொன்னார். மச்சான் அவர் முன்னாலேயே அழித்தார். "துறைமுகம், யார்டு, தொழிற்சாலை, இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். ஆட்களையும் எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் கார் கதவில் சாய்ந்து, காலி கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல படம், பாத்திமா."

எனக்கு அப்போதுதான் கோபம் உச்சிக்குப் போனது. "படமா? அந்த மனுசன் கார்ட வாங்கிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. உங்க ஆசைக்கு அவரு வேல போகணுமா?"

அவருக்கு அது அதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் போயிப் பேசறேன்" என்று கிளம்பினார். நீங்கள் பேசியது போதும் என்று அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, கேட்டுக்கு நான் போனேன். அரைமணி நேரம் வெயிலில் நின்றதும் சேஃப்டி ஆபீசர் வந்தார், பம்பாய்க்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததைச் சொன்னேன். அந்த அண்ணன் எங்களைக் கூப்பிடவில்லை, நாங்கள்தான் கேட்டு நிற்க வைத்தோம், தப்பு முழுக்க எங்களுடையது.

"மேடம், உங்களுக்கு அது ஒரு போட்டோ. நாளைக்கு அது எங்காவது சுற்றினால் இந்த கேட்டில் பதில் சொல்ல வேண்டியது நான்" என்றார் அவர். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "அவர் நல்ல வேலைக்காரர். எச்சரித்து விட்டிருக்கிறேன். கார்டைக் கொடுத்தாச்சு. போய் வாருங்கள்."

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் சேவியர் அண்ணன் வெளியே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். "மன்னிச்சிருங்கண்ணே" என்றார் மச்சான்.

"அட விடுங்க தம்பி, ஒரு ஏச்சுதான்" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் தயங்கி, "எடுத்தது போச்சா? சரி, நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு போட்டோ வேணும், எடுத்துத் தருவியளா? இது வேற மாதிரி" என்றார்.

அவருடைய மூத்த மகளுக்கு அடுத்த மாதம், தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஊரில் கல்யாணம். இவருக்கு லீவு பாஸ் ஆகவில்லை. கப்பல் மார்ச்சுக்குள் தண்ணீரில் இறங்க வேண்டும், வெல்டர் யாரையும் விட மாட்டார்கள். மண்டபத்து வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். அதில் போட அப்பாவின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். "போன்ல எடுத்து அனுப்பினேன். பெருசாக்கினா முகம் கலங்குதுன்னு ஃப்ளெக்ஸ்காரன் சொல்லுதானாம்."

"கல்யாணத்துக்குப் போகலயாண்ணே?" என்று நான் கேட்டேன். இப்போதுதானே சொன்னார், கேட்டிருக்கக் கூடாது.

"எங்க போகம்மா" என்றார்.

அவருக்கு வேலை முடிய நாலரை மணி. எனக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு, ஓமானில் வாரம் அன்றுதான் தொடங்கும். ஆனாலும் காத்திருந்தோம். அஜ்மான் கடற்கரைச் சாலையில், மாலை வெளிச்சத்தில், மச்சான் இரண்டு மணி நேரமாக இடம் தேடினார். ஒரு பழைய படகு, ஒரு கயிற்றுக் குவியல், பின்னால் கடல். "இங்க கவராலோட நின்னாருன்னா, பாத்திமா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு அண்ணன் வந்தார். சந்தன நிற முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். முடிக்குப் புதிதாக டை அடித்திருந்தார். காதோரம் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது. முகத்தில் பவுடர். நான் டிஷ்யூ கொடுத்துக் காதைத் துடைக்கச் சொன்னேன்.

மச்சான் அவரைப் படகிடம் கூட்டிப்போனார். அண்ணன் படகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "தம்பி, பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாதாம். வெள்ளையா இருந்தாத்தான் வெட்ட வசதின்னு ஃப்ளெக்ஸ்காரன் சொன்னான்."

"அண்ணே, இந்த வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரந்தான். இங்க ஒண்ணே ஒண்ணு. யார்டு உடுப்பு கொண்டாந்திருக்கீங்களா?"

"அதத் தொவைக்கப் போட்டாச்சு."

"காலையில அவ்வளவு நல்லா இருந்துச்சேண்ணே!"

"மச்சான், விடுங்க" என்றேன் நான்.

கடைசியில் ஒரு மளிகைக் கடையின் பக்கச் சுவர் கிடைத்தது. வெள்ளை அடித்தது, மேலே ஒரு ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கையை இரண்டு பக்கமும் நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் வாய்க்குள் முணுமுணுத்தபடி எடுத்தார். நான் அண்ணனிடம் கேட்டேன்: "காலையில அந்த உடுப்போட எடுக்க எதுக்குண்ணே சரின்னீங்க?"

"தம்பி கேட்டவிதம் அப்படிம்மா. கையில பெரிய கேமரா, நம்ம பாஷ. இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார் அண்ணன். "நல்லவேள அழிச்சிட்டாங்க. எம்புள்ள அந்த ஓட்ட உடுப்பப் பாத்தா கல்யாண நேரத்துல அழுதுட்டுக் கெடப்பா."

மச்சான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். அதன் பிறகு அவர் எடுத்த விதம் மாறியது. அண்ணனிடம் மகளைப் பற்றிக் கேட்டார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். அண்ணனின் மூச்சு இறங்கியது, தோள் இறங்கியது. ஒரு படத்தில் சிரித்துவிட்டார். அதுதான் என்று அண்ணனே தேர்ந்தெடுத்தார்.

எல்லையில் இரவு மறுபடி வரிசை. வீடு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது. அன்று காலை வகுப்பில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

இனி, அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டாலும், அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. ஆரஞ்சு கார்டின் தேதியை நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள், வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஷார்ஜா போய்ப் பயனில்லை; சனிக்கிழமை போங்கள், கூடத்துக்கு முதலில் ஒரு போன் போட்டு எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். திரும்பும்போது எமிரேட்ஸ் பக்கம் வெளியேறும் கட்டணம் உண்டு, பேங்க் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கல்பா சாலையில் வேகத்தைப் பிடிக்கும் ரேடார் நிறைய. யார்டு, துறைமுகம், ரிஃபைனரி இவற்றின் பக்கம் கேமராவைக் காரிலிருந்தே இறக்காதீர்கள். உங்களுக்கு வருவதைவிட, உங்களிடம் பேசி நின்றவருக்கு வரும் தொல்லைதான் பெரிது. ஆளைப் படமெடுப்பதாக இருந்தால், அவருக்கு எப்படி வேண்டும் என்று முதலில் அவரைக் கேளுங்கள். இது சட்டத்துக்காகச் சொல்வது இல்லை.

இதைப் பாதி எழுதி வைத்திருந்தேன். போன வாரம் கல்யாணம் முடிந்தது. சேவியர் அண்ணன் வாட்ஸப்பில் ஃப்ளெக்ஸ் படத்தை அனுப்பியிருந்தார். மச்சான் ஆவலாக வாங்கிப் பார்த்தார். ஃப்ளெக்ஸ்காரர் அண்ணனின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, நீல நிறக் கோட்டும் சூட்டும் சிவப்பு டையும் கட்டிய வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார். உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிது. பின்னால், அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்று யாரோ சொல்லியிருப்பார்கள், மூன்றடுக்கு வெள்ளைச் சொகுசுக் கப்பல் ஒன்று விளக்கெல்லாம் எரிய மிதந்துகொண்டிருந்தது.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

அன்று மாலை அண்ணன் போன் பண்ணினார். "பாத்தியளா தம்பி? கோட்டுல எப்படி இருக்கேன்? ஊரே என்னயத்தான் பாத்துச்சாம்." குரலில் அவ்வளவு சந்தோஷம். "இன்னொண்ணு அனுப்பியிருக்கேன், பாருங்க. புள்ளைக எடுத்தது."

திறந்து பார்த்தோம். மண்டபத்து வாசலிலிருந்து அந்த ஃப்ளெக்ஸைச் சட்டத்தோடு தூக்கி மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அம்மா, தம்பி. மறு பக்கம் மாப்பிள்ளை. நடுவில் ஃப்ளெக்ஸை ஒட்டி வெள்ளைச் சேலையில் மகள். குடும்பப் படம். அவள் அப்பாவின் நீலக் கோட்டுக் கையைப் பிடித்திருக்கிறாள். பிடித்த பிடியில் அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் கசங்கியிருக்கிறது.

யாரோ போனில் எடுத்த படம். கோணல், ஒரு ஓரம் இருட்டு. மச்சான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.